கிரகித்தல் பகுதியும் ஒரு திமிங்கிலமும்

1996 மார்ச் 11, திங்கள்

இந்தக் கொப்பியில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. தலையில் மிஞ்சியிருக்கும் முடிகளைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன். பிற்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையைத் தோண்டி ஆராயும் அறிஞர்கள் இதைக் கண்டெடுத்து, இப்படி ஒரு மனிதன் இருந்திருக்கவே முடியாது என்று தீர்ப்பெழுதுவார்கள். எழுதட்டும். அந்த மனிதன் நான்தான். ஸ்ரீஸ்கந்தராசா, வயது ஐம்பத்திரண்டு, பிரமச்சாரி, கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க். நான் ஒரு நாள் லீவு போட்டால் கப்பல்கள் நங்கூரத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் கடலில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

கதைக்கு வருகிறேன். போன மாதம் தங்கச்சி நாகேஸ்வரியும் அவள் மகள் வத்சலாவும் வவுனியா முகாமிலிருந்து பாஸ் கிடைத்து வந்து சேர்ந்தார்கள். போன அக்டோபரில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட அன்று வெளிக்கிட்டவர்கள். சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா என்று வந்திருக்கிறார்கள். நாகேஸ்வரியின் புருசன் சண்முகலிங்கம் அத்தான் வரவில்லை. படுக்கையில் கிடக்கும் தகப்பனை விட்டுவர ஏலாதென்று சாவகச்சேரியிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆகவே இத்தனை வருடம் நான் தனியே ஆண்ட இந்த மூன்றாம் மாடிச் சாம்ராச்சியத்தில் — ஒரு அறை, ஒரு குசினி, ஒரு யன்னல், யன்னலுக்குள் ரயில் பாதையும் ஒரு துண்டுக் கடலும் — இப்போது மூன்று பேர்.

வத்சலாவுக்குப் பதினாறு. ஆண்டு பதினொன்று. டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. இன்று காலை பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். வானொலி நிலையத்தார் கேட்டிருந்தால் அறிவிப்பாளர் எல்லாரையும் பென்சனில் அனுப்பியிருப்பார்கள். ஒரு தடக்கல் இல்லை, ஒரு ழகரம் வழுக்கவில்லை.

"என்ன விளங்கினது, பிள்ளை?" என்று கேட்டேன்.

"வாசிச்சனான்தானே, மாமா," என்றாள்.

மார்ச் 19

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டும். இருவருக்கும் பதிவு முடிந்தது. கொழும்புக்கு வந்த காரணம்: பிள்ளையின் பரீட்சை. எதுவரை: டிசம்பர். அந்தப் பதிவுத் துண்டைத் தங்கச்சி நாகு, சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, சுவாமியைக் கும்பிடுவதுபோல அதைக் கும்பிட்டாள்.

ஏப்ரல் 4

முதலாம் தவணைப் பெறுபேறு. பாடசாலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். உலகத்து மாமாக்களின் பிரதிநிதியாக, இஸ்திரி போட்ட சேட்டுடன் போனேன். திரும்பி வரும்போது சேட்டும் கசங்கிவிட்டது, நானும்.

தமிழ் படிப்பிக்கிற அன்னபாக்கியம் ரீச்சர் சொன்னது: "இவ வாசிச்சா வகுப்பே வாயை மூடிக்கொண்டு கேக்கும். இலக்கணத்திலை பிழை இல்லை. கிரகித்தல் பகுதிக்கு வந்தா மட்டும் ஒண்டும் இல்லை. பந்தி விளங்கேல்லை எண்டும் சொல்ல ஏலாது. 'ஏன்' எண்டு கேள்வி தொடங்கினாப் போதும், பிள்ளை உறைஞ்சு போகுது. சரித்திரத்திலையும் அப்பிடித்தானாம்."

தாளைக் காட்டினார். பந்தியில் ஒரு பெண், ஒரு ரயில் நிலையம். கேள்வி: ரயில் மறைந்த பின்னும் அந்தப் பெண் ஏன் மேடையிலேயே நின்றாள்? வத்சலாவின் பதில், முத்து முத்தான எழுத்தில்: "அந்தப் பெண் மேடையிலேயே நின்றாள்."

அதிபர் அம்மா நல்லவர். அதனால்தான் சொன்னது கூடுதலாக உறைத்தது. இரண்டாம் தவணையிலும் இப்படி என்றால் இந்த வருடம் பரீட்சைக்கு அனுப்பமாட்டார். ஆண்டு பத்தில் இருத்திவிடுவார். பிள்ளையின் நன்மைக்குத்தான்.

பிள்ளையின் நன்மை விளங்குகிறது. ஆனால் டிசம்பரில் பரீட்சை இல்லையென்றால், சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டுக்கு என்ன பதில்? பரீட்சைக்கு வந்தவர்கள் பரீட்சை இல்லாமல் ஏன் நிற்கிறார்கள்? நாகு பஸ்ஸில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்: "திரும்பவும் வவுனியாவுக்கு அனுப்பினா நான் போகமாட்டன், அண்ணை."

ஏப்ரல் 9

ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசித்தது ஏன் பிடிபடுவதில்லை? இந்த ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகங்கள் எனக்குக் கலாநிதிப் பட்டம் தர வரிசையில் நிற்கும். நான் ஒவ்வொன்றாக மறுப்பேன்.

முதலில் கந்தோரில் ராசிக்கிடம் கேட்டேன். கிராண்ட்பாஸ்காரன், ஐந்து பிள்ளைகளின் தகப்பன்.

"மீன் தலை குடுங்க, ஸ்ரீ நானா," என்றான். "என்ட நடுவுலவனுக்கு மீன் தலை குடுத்துத்தான் கணக்கு வந்திச்சு."

"கணக்கிலை எவ்வளவு எடுத்தவன்?"

"பெயில்தான். ஆனா முந்தி மாதிரி பெயில் இல்ல."

பாரை மீன் தலை வாங்கி வந்தேன். அதன் மூளை என் தலையைவிடப் பெரிது. நாகு சமைத்தாள். வத்சலா முழுவதும் சாப்பிட்டாள். மீன் தலையில் மீனுடைய யோசனைதான் இருக்கும்போல, மாற்றம் இல்லை.

ஏப்ரல் 21

இன்று ஒரு கண்டுபிடிப்பு. மாலை ரயில் போனபோது வத்சலா குசினியிலிருந்து யன்னலுக்கு ஓடிவந்தாள். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ரயிலுக்கும் ஓடிவருகிறாள். நான் கவனிக்கவில்லை. பத்து வயதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஓடுகிற ரயிலைக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் தண்டவாளம் மட்டும்தான் கிடந்தது; பிறகு அதையும் பதுங்குகுழிக்குக் கூரை போடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மின்சாரமும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவுடன் எரியும் லைற்றைப் பார்க்க, கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டு ஒருமுறை திறந்து பார்த்தாளாம்.

அதுதானே. காணாத ஒன்றைப் பற்றி வாசித்தால் எப்படிப் பிடிபடும்? பந்தி எழுதுகிறவர்கள் கொழும்பில் இருந்து எழுதுகிறார்கள்.

வெள்ளவத்தை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மேடையில் நிற்கவைத்து, மூன்று ரயில் காட்டினேன். வழியனுப்ப வந்த ஒரு பெண் ரயில் போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள். சுட்டிக் காட்டினேன். "ஏன் நிக்கிறா?"

வத்சலா நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்கியதைக் கண்டேன். என் கண்ணாடி மேல் சத்தியம்.

"நிக்கிறா, மாமா," என்றாள்.

மே 6

மின்வெட்டு. மழை இல்லை, நீர்த்தேக்கம் வற்றிவிட்டதாம். வெளிச்சமும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டேன். மெழுகுதிரியைச் சுற்றி மூவரும் இருந்தோம். வத்சலாவைச் சிரிக்கவைக்க என் கப்பல் கதையை அவிழ்த்துவிட்டேன்.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் என் அறை எரிந்தது. அகதி முகாமிலிருந்து சரக்குக் கப்பலில் ஏற்றி எங்களைக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். அது ஊர் அறிந்தது. ஊர் அறியாதது: நடுக்கடலில் எஞ்சின் நின்றது. நான் என் சாரத்தை முறுக்கிக் கயிறாக்கி ஒரு திமிங்கிலத்தின் வாலில் கட்டினேன். அது எங்களை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த பெரியவர், கண்டி மன்னர் பரம்பரைக்கு யானை வைத்தியம் பார்த்தவர், "தம்பி, கரை தெரியுதோ?" என்று கேட்டார். "ஓம் ஐயா, தெரியுது. தென்னை தெரியுது," என்றேன். திமிங்கிலத்துக்குக் கூலியாக ஒரு மூட்டை சீனி.

"சாரத்தைக் கழட்டினா நீங்கள் என்னத்தோடை நிண்டனீங்கள்?" என்று நாகு கேட்டாள்.

"கௌரவத்தோடை," என்றேன்.

வத்சலா சிரித்தாள். வந்த பிறகு முதல் தடவை.

மே 20

கண் வைத்தியர். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். எனக்குத்தான் கண்ணாடி மாற்றச் சொன்னார்.

ஜூன் 12

மேல்மாடிப் பிள்ளை மூன்றுசில்லுச் சைக்கிள் ஓட்டுகிற சத்தம். ஒரு அறையில் மூவர். இடையிடையே விட்டுப்போன பள்ளிக்கூடம். சொற்பஞ்சம் — எதுதான் காரணமென்று எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டேன். சைக்கிளுக்கு எண்ணெய் நானே போட்டுக்கொடுத்தேன். சொற்களில் என்னையே விழுத்துகிறாள். வீட்டில் கொடுத்த பயிற்சித் தாளில் மட்டும் அதே கதை. உள்ளது உள்ளபடி பந்தியிலிருந்து ஒரு வசனம், அல்லது "தெரியாது." நீர் என்ன நினைக்கிறீர் என்ற கேள்விக்கு எதிரே வெள்ளைத்தாள்.

இரவுச் சாப்பாட்டோடு மறுபடியும் கப்பல் கதை. அவளே கேட்டாள். இந்தத் தடவை கப்டனுக்கு மயக்கம், சுக்கான் என் கையில், திமிங்கிலம் இரண்டு. பெரியவர் சர்க்கசில் சிங்கம் பழக்கியவர். அவரைக் கண்டு திமிங்கிலங்களே ஒதுங்கி நீந்தின. "தம்பி, கரை தெரியுதோ?" "ஓம் ஐயா, தெரியுது. தென்னை தெரியுது."

இந்தமுறை வத்சலா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போக மூவரும் பஸ் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களுக்கு ஒரு பெண் பொலிஸ், சின்னப் பிள்ளை, அரைகுறைத் தமிழ். நான் மற்ற வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேர் என்ன?"

"வத்சலா சண்முகலிங்கம்."

"கொழும்பு எதுக்கு வந்த?"

"பரீட்சைக்கு வந்தேன்."

"அப்பா எங்க?"

"அப்பா வரவில்லை."

"ஏன் வரல்ல?"

"அப்பா வரவில்லை."

அதே குரல். பத்திரிகை வாசித்த குரல். தடக்கல் இல்லை, ழகரம் வழுக்கவில்லை. தவணைத் தாளில் அவள் எழுதிய விடை ஞாபகம் வந்தது. அந்தப் பெண் மேடையிலேயே நின்றாள். அப்பா வரவில்லை.

பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது. தாளில் கேள்வி கேட்கிறவனையும் துவக்கோடு கேட்கிறவனையும் அவள் ஒரே வரிசையில் வைத்திருக்கிறாள்.

முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பதென்று மறந்துபோனது.

ஜூலை 1

வத்சலா பள்ளிக்கூடம் போன பிறகு நாகுவுடன் கதைத்தேன். கதைத்தேன் என்பது மரியாதையான சொல். சத்தம் போட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "வவுனியாவிலை எங்களுக்குப் பக்கத்திலை ஒரு பொடிச்சி நிண்டவள். ஏன் வந்தனி எண்டு ஆமிக்காரர் கேட்டாங்கள். அண்ணாவைத் தேடி எண்டு சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். எந்த அண்ணா, எங்கை போனவர், ஏன் போனவர் எண்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். தாய் வெளியிலை நிண்டவ. நாங்கள் பாஸ் கிடைச்சு வெளிக்கிடேக்குள்ளையும் நிண்டவ."

துருவி முடிந்தும் வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கே நான் இவளுக்குச் சொல்லிப்போட்டன். கேட்டதுக்கு மட்டும் பதில். கடதாசியிலை இருக்கிறது மட்டும் பதில். நினைக்கிறன் எண்டு ஒரு நாளும் வாய் திறக்காதை. நெடுக, ஒவ்வொரு நாளும், கேள்வி கேட்டுக் கேட்டுப் பழக்கினனான். உங்கட கிரகித்தல் அவளிட்டை இல்லாமல் இல்லை, அண்ணை. அதை வெளியிலை விடக்கூடாதெண்டு பூட்டினது நான்."

 வாய் உள்ளவன் நான். வாயைப் பூட்டித் தப்பியவள் அவள்.

ஜூலை 8

வத்சலாவிடம் நேராகச் சொல்லிப் பார்த்தேன். பரீட்சைத் தாள் வேறு, பொலிஸ் வேறு. தாளுக்கு நீ நினைப்பதைச் சொல்லலாம்.

"ஆர் பாப்பினம்?" என்று கேட்டாள்.

"ரீச்சர்."

"பிறகு ஆரிட்டைக் குடுப்பினம்?"

என் ஆராய்ச்சி இத்துடன் முடிந்தது. கலாநிதிப் பட்டத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஜூலை 25

நேற்று மாலை தெகிவளையில் ரயிலில் குண்டு. எங்கள் யன்னலைக் கடந்து போகிற ரயில்கள்தான். நேற்று மாலையும் வத்சலா யன்னலுக்கு ஓடிவந்தவள். இன்று யன்னல் பக்கம் வரவில்லை.

இதில் நான் பெருப்பிக்க ஒன்றும் இல்லை.

ஜூலை 29, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன்.  

சனி விடிய ஒழுங்கை முழுவதும் சுற்றிவளைப்பு. பொலிசார் மாடி மாடியாக வந்தார்கள். நாகுவுக்கும் வத்சலாவுக்கும் துண்டு இருந்தது. கேட்டார்கள், சொன்னார்கள், முடிந்தது. பிழைபட்டது நான். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். எண்பத்துமூன்றில் பழைய அட்டை அறையோடு எரிந்துபோனதால் ஊரில் எடுத்தது; கொழும்புக்குத் திரும்பிவந்து மாற்றாமல் விட்டது என் சோம்பேறித்தனம். பொலிஸ் பெரியவர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார், என்ன வேலை என்று.

பாழாய்ப்போன பழக்கம். "ஹார்பரை நடத்துறவன் நான்தான்," என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். ஏப்ரலில்தான் துறைமுகத்துக்குள் தாக்குதல் நடந்திருந்தது. யாழ்ப்பாண அட்டை வைத்திருப்பவன் துறைமுகத்தை நடத்துகிறானாம். வத்சலாவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வசனத்துக்கு மேல் சொல்லிவிட்டீர்களே மாமா என்பதுபோல நின்றாள்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சனி முழுவதும் அங்கே வாங்கில் இருந்தேன். என்னோடு இருந்தவர்களைப் பற்றி எழுதவில்லை.

ஞாயிறு மத்தியானம் நாகுவும் வத்சலாவும் வந்தார்கள். ராசிக் கந்தோர் முதலாளியிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். வாக்குமூலம் எழுதியவர் இஸ்ஸதீன் என்ற கான்ஸ்டபிள், தமிழ் பேசுகிறவர். வத்சலா எனக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சுருக்கமாச் சொல்லுங்க," என்றார். "கேக்கிறதுக்கு மட்டும். பெரியவருக்கு நான்தான் சிங்களத்தில சொல்லோணும்."

அட்டை ஏன் யாழ்ப்பாணத்தில் எடுத்தீர்கள்? — அறை எரிந்தது, கப்பலில் போனேன். 

"கப்பலில போனதுக்கு சாட்சி யாரும் இருக்கிறாங்களா?"

"பக்கத்திலை ஒரு ஐயா இருந்தவர்."

"பேர்?"

"தெரியாது."

"என்ன வேலை?"

"தெரியாது."

"ஒரு பேச்சும் பேசல்லயா?"

"கரை தெரியுதோ எண்டு கேட்டவர். தெரியுது எண்டு சொன்னனான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"தெரியாது."

இஸ்ஸதீன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதை எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போனார். முதலாளியின் கடிதத்தைப் பெரியவர் வாசித்தார். கந்தோரில் என் வேலை பைல்களை அடுக்குவது என்று அதில் எழுதியிருந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

வெளியே வந்ததும் ராசிக் சொன்னான்: "நானா, இனி ஹார்பரை எனக்கு எழுதித் தந்திருங்க. உங்களுக்கு வேணாம்." சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

ஜூலை 30

இன்று வத்சலா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் கேட்ட முதல் ஏன்.

நாகு குசினியில் இருந்தாள். வத்சலா உலர்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சாரத்தை எடுத்து மடிக்கும்போது நின்றாள்.

"மாமா, அந்தக் கப்பல் ஐயாவின்ரை பேரை ஏன் பொலிசிலை தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

"தெரியாது, அதாலைதான்."

"யானை வைத்தியர் எண்டனீங்கள். பிறகு சிங்கம் பழக்கினவர் எண்டனீங்கள்." துணியைப் பார்த்தபடி, ஒரு பாடத்தை ஒப்புவிப்பதுபோல அல்லாமல், தேடித்தேடிச் சொன்னாள். "திமிங்கிலம் ஒருக்கா ஒண்டு, ஒருக்கா ரெண்டு. பொலிசிலை திமிங்கிலமே இல்லை. எல்லாம் மாறுது. அவர் கரை தெரியுதோ எண்டு கேக்கிறது மட்டும் மாறேல்லை. நீங்கள் ஓம் எண்டுறது மட்டும் மாறேல்லை."

"அதுக்கு?"

"கரை தெரியேல்லைத்தானே, மாமா."

கந்தோரையும் துறைமுகத்தையும் இந்து சமுத்திரத்தையும் நடத்துகிறவன், தானும் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"அவர் வந்து சேரேல்லைத்தானே."

"தெரியாது," என்றேன்.

அவள் மேலே கேட்கவில்லை. அந்தப் பதிலை எப்போது சொல்வார்கள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். சாரத்தை மடித்து என் பக்கத்தில் வைத்தாள். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நாகு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

இன்று இரண்டாம் தவணைத் தமிழ்த் தாள். காலையில் நாகு மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டாள். முடித்துவிட்டும் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சோதனைத் தாளிலை கேக்கிறது ரீச்சர்," என்றாள். "அவ உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டா. நீ நினைக்கிறதை எழுது. நான் சொல்லுறன்."

வத்சலா திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"தாளிலை மட்டும்," என்றாள் நாகு. "றோட்டிலை பழையபடிதான்."

பூட்டியவள்தான் திறக்கவேண்டியிருந்தது. நான் இத்தனை நாளும் மீன் தலையோடு அலைந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16

அன்னபாக்கியம் ரீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். சேட்டுக்கு இஸ்திரி போடவில்லை.

பந்தியில் சந்தையில் மாம்பழம் விற்கும் ஒரு பெண். எல்லாப் பழத்தையும் விற்கிறாள். ஒன்றை மட்டும் கூடையின் அடியில், சாக்குக்குக் கீழ் வைக்கிறாள். ஏன்? ரீச்சரிடம் இருந்த விடை: பின்னேரம் விலை ஏறும் என்பதால். வத்சலா எழுதியது இது, ரீச்சர் தந்ததைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்:

"அவள் பழத்தைப் பார்க்காமலே சாக்குக்குக் கீழே வைக்கிறாள் என்று பந்தியில் உள்ளது. பார்க்காமல் செய்வதென்றால் அது தினமும் செய்வது. விற்பதற்கு என்றால் விலையைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லியிருப்பாள். வீட்டில் ஒருவருக்காக வைக்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த ஒருவர் இப்போதும் வீட்டில் இருக்கிறாரா என்று பந்தியில் சொல்லப்படவில்லை. இல்லாவிட்டாலும் அவள் வைப்பாள்."

"எனக்குக் குடுத்த விடை வேறை," என்றார் ரீச்சர். "எழுத்துக்கு எழுத்துப் பாத்தா நான் புள்ளி போட ஏலாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுப் புள்ளி போட்டனான். அதிபரிட்டையும் கொண்டுபோய்க் காட்டினனான்."

வத்சலா டிசம்பரில் பரீட்சை எழுதுகிறாள்.

அக்டோபர் 3

யாழ்ப்பாணத்திலிருந்து கீழ்வீட்டாருக்குக் கடிதம் வந்தது. எதிர்வீட்டாருக்கும் வந்தது. எங்களுக்கு இல்லை. தபால்காரர் எங்கள் மாடிப்படியைக் கடக்கும்போது சைக்கிள் மணியை அடிப்பதில்லை.

அக்டோபர் 21

சாவகச்சேரியிலிருந்து வந்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். அத்தானின் தகப்பன் மே மாதமே செத்துப்போய்விட்டாராம். அத்தானை அதற்குப் பிறகு தான் காணவில்லை என்றார். நாகுவுக்குப் பாதிதான் சொன்னேன். வத்சலா மற்றப் பாதியை என் முகத்தில் வாசித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 12

தமிழ்த் தாள் முடிந்தது. மண்டபத்து வாசலில் காத்திருந்தேன். கடைசியாக வந்தாள். விரலில் மை.

"எப்பிடி?"

"கடைசிக் கேள்விக்கு இடம் காணேல்லை, மாமா. வேறை தாள் கேட்டு வாங்கினனான்."

"என்ன கேள்வி?"

"நீர் என்ன நினைக்கிறீர்."

வீட்டுக்கு வந்தோம். வழியில் சோதனைச் சாவடி. பெயர், ஊர், பரீட்சை. சொல்லுக்குச் சொல் பழையபடி. தாண்டியதும் மறுபடியும் கேள்வித்தாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள், நிறுத்தாமல், பஸ் இறங்கும் வரை.

டிசம்பர் 20

மழை. பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. பதிவுத் துண்டை மாற்ற வேண்டும்; உயர்தரம் படிப்பதற்கு என்று எழுதலாமென அதிபர் கடிதம் தந்திருக்கிறார். அதற்கு இன்று பின்னேரம் போய்வந்தோம்.

திரும்பிவந்து ஈரம் துடைத்துக்கொண்டிருந்தபோது நாகு யன்னலடியில் நின்று கடலைப் பார்த்தாள். என்னிடம் கேட்பாள் என்று பயந்தேன். மகளிடம் கேட்டாள்.

"பிள்ளை, அப்பா வருவாரோ?"

 வத்சலா தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வருவார், அம்மா. கப்பல் ஓடுதாம், திருகோணமலைக்கு. அதிலை வருவார். இறங்கேக்குள்ளை குடையை விட்டிட்டு வந்து, திரும்பி ஓடுவார். பிறகு பஸ்ஸிலை நித்திரை கொண்டு வெள்ளவத்தையைத் தாண்டிப்போய் இறங்குவார். இந்தப் படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, உன்ரை அண்ணருக்குக் கீழை ஒரு வீடு கிடைக்கேல்லையோ எண்டுதான் முதல் கேப்பார்."

நாகு சிரித்தாள். கொஞ்சம்தான். ஆனால் சிரித்தாள்.

வத்சலா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் ஈரம் துடைப்பதை நிறுத்தவில்லை.

பிற்காலத்து அறிஞர்களே, இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் சத்தியம் பண்ணியபடி நீங்கள் இதில் ஒன்றையும் நம்பவேண்டாம். கப்பல்கள் நான் இல்லாமலும் நங்கூரம் போடும். திமிங்கிலம் இல்லை, ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. அந்த ஐயா யார் என்று எனக்குத் தெரியாது. சுற்றிவரத் தண்ணீர்தான் இருந்தது. கரை தெரியுதோ என்று அவர் என் கையைப் பிடித்தபடி கேட்டார், தெரியுது என்றேன், தென்னை தெரியுது, கோயில் தெரியுது, உங்கடை ஆக்கள் கரையிலை நிக்கினம் என்று, அவர் கை குளிரும் வரை, குளிர்ந்த பிறகும், சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கப்பல் கதையில் அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.